நுரை சிலிண்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி, 2025 அக்டோபர் 6

திருப்பாதிரிப்புலியூரில் சிறிய ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். எந்திரம் இரண்டு, ஆட்கள் நான்கு பேர். சுவரில் ஏழு தீயணைப்பான்கள் தொங்குகின்றன: பவுடர் நான்கு, நுரை இரண்டு, கார்பன் டை ஆக்சைடு ஒன்று. ஆண்டுதோறும் வந்து சோதிக்கிற ஆள் இந்த முறை, "எல்லாவற்றிலும் புற்றுநோய் ரசாயனம் இருக்கிறது. அரசு தடை செய்துவிட்டது. ஏழையும் மாற்றுங்கள்" என்கிறார். விலைப்பட்டியலையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தீபாவளி நேரத்தில் இந்தச் செலவு தேவைதானா? விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள் ஐயா.

அக்டோபர் 6, இரவு

ஏழில் ஐந்துக்கு அந்த ஆள் சொன்னது பொய். மீதி இரண்டுக்குப் பாதி மெய்.

பவுடர் சிலிண்டரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். உரமாக வயலுக்குப் போகிற அதே சரக்கை நைசாக அரைத்து, கட்டி தட்டாமல் இருக்கச் சிலிக்கோன் சேர்த்திருப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு என்பது சோடா பாட்டிலில் குமிழி விடுகிற வாயு. இந்த ஐந்தையும் மாற்ற வேண்டாம். நுரை இரண்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். ஏஎஃப்எஃப்எஃப் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவற்றைப் பற்றித் தனியாகப் பேசலாம். பவுடர் தாளில் ஏ, பி, சி என்று இருக்கும். ஏ என்றால் மரம், காகிதம், துணி. பி எண்ணெய், பெட்ரோல். சி மின்சாரம்.

தடை என்கிறாரே, எந்த ஆணை, என்ன தேதி என்று கேளுங்கள். மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் நச்சுப் பொருள்களுக்காக 2018இல் நம் நாடு வெளியிட்ட விதிகள் ஏழு ரசாயனங்களைத் தடை செய்தன. நுரையில் வருகிற சரக்கு அந்த ஏழில் இல்லை. ஏழு ரசாயனம், உங்கள் சுவரில் ஏழு சிலிண்டர். மனிதர் குழம்பிவிட்டாரோ என்னவோ.

நான் யார் என்றால், கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் கிடங்குப் பொறுப்பில் இருந்தவன். இப்போது புதுச்சேரியில் அக்காள் மகன் நடத்தும் தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் இந்தச் சிவப்புச் சிலிண்டர்கள் என் தலையில்தான் விழுந்தன.

அக்டோபர் 7

நேற்று எழுதியதில் ஒரு பிழை. சி என்றால் மின்சாரம் இல்லை, எரிவாயு. நெல்லிக்குப்பத்து நண்பர் காலையிலேயே தொலைபேசியில் பிடித்துவிட்டார். அமெரிக்க வழக்கத்தில்தான் சி மின்சாரத்தைக் குறிக்கும். நம் இந்தியத் தர (ஐஎஸ்) வகைப்பாட்டில் மின்சாரத்துக்கென்று தனி எழுத்தே கிடையாது. ஓடுகிற மின்சாரத்தில் எதை அடிக்கலாம் என்பதைத் தாளில் வேறாக எழுதியிருப்பார்கள். நான் படித்த பயிற்சிக் கையேடு வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து எழுதியது. 26 ஆண்டுகள் இதைத் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் 8

அச்சகத் தம்பி நுரைச் சிலிண்டரின் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஒன்பது லிட்டர், ஏஎஃப்எஃப்எஃப், 6 சதவீதம். அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே மூலக் கரைசல், மீதி தண்ணீர்.

இந்தச் சரக்கின் வித்தை என்னவென்றால், பெட்ரோலின் மேல் தண்ணீரை நிற்க வைப்பது. பெட்ரோல் தீயில் வெறும் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் அடியில் போகும், எரிகிற பெட்ரோல் மேலே மிதந்துகொண்டு பக்கத்து அறைக்கும் போகும். கார்பனும் ஃபுளோரினும் கோத்த சங்கிலி மூலக்கூறு கொஞ்சம் சேர்ந்தால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை விழுந்துவிடுகிறது. நுரையிலிருந்து வடிகிற நீர் பால்மேல் ஆடைபோலப் பெட்ரோல்மேல் பரவி, ஆவியை வெளியே விடாமல் மூடிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் 3எம் நிறுவனமும் 1960களில் இதைச் செய்தன. 1967 ஜூலையில் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்த பிறகு கப்பல், விமான நிலையம், எண்ணெய்க் கிடங்கு என்று எல்லா இடத்துக்கும் போனது. தீயை அணைப்பதில் இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வில்லங்கம் அந்தச் சங்கிலியில் இருக்கிறது. கார்பன், ஃபுளோரின் பிணைப்பை மண்ணில் உள்ள கிருமியாலும் உடைக்க முடியாது, வெயிலாலும் முடியாது. நிலத்தடி நீருக்குப் போகும், அங்கிருந்து இரத்தத்துக்கு வரும், ஆண்டுக்கணக்கில் தங்கும். இந்தப் பெரிய குடும்பத்துக்குப் பிஃபாஸ் என்று பெயர். அதில் மூத்த பிள்ளைகள் இரண்டு: பிஃபோஸ், பிஃபோவா. பெயர்களே நாக்கைச் சுளுக்க வைக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். 3எம் நிறுவனமே 2000இல் பிஃபோஸைக் கைவிடுவதாக அறிவித்தது. இப்படி அழியாமல் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009இல் பிஃபோஸும் 2019இல் பிஃபோவாவும் ஏறின. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 டிசம்பரில் பிஃபோவாவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்தது. பிஃபோஸ் இன்னும் ஐயப்பாட்டுப் பிரிவில் இருக்கிறது.

ஆகவே அந்த ஆள் புற்றுநோய் என்று சொன்னது முழுக்க வெற்று மிரட்டல் அல்ல. ஆனால் ஒன்று. ஐரோப்பாவில் இந்த மாதம்தான் புதுக் கட்டுப்பாடு வெளியானது. அங்கேயே கையில் தூக்குகிற நுரைத் தீயணைப்பான்களைப் புதிதாக விற்பது அடுத்த அக்டோபர் முதல் படிப்படியாக நிற்கும், சுவரில் ஏற்கெனவே தொங்குவதற்கு 2030 முடிய அவகாசம். திருப்பாதிரிப்புலியூரில் தீபாவளிக்குள் மாற்ற வேண்டுமாம்.

அக்டோபர் 8, தூக்கம் வராததால்

மேலே எழுதியதைப் படித்தால் ஏதோ எட்ட நின்று பார்த்தவன்போல இருக்கிறது. அப்படி இல்லை.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். தொழிற்சாலைக்காரர்களுக்குத் தீத்தொண்டு நாள். 1944இல் அன்றுதான் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்தார்கள். அந்த வாரம் முழுவதும் ஒத்திகை நடக்கும். காலி மைதானத்தில் இரும்புத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்துவோம். காலாவதியாகப் போகிற நுரைச் சிலிண்டர்களை வரிசையாகத் தூக்கி வந்து அடிப்போம். வீணாக எதற்கு என்று மூலக் கரைசல் பீப்பாயிலிருந்தும் எடுத்து அடித்த ஆண்டுகள் உண்டு. ஊழியர்களின் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். வெள்ளை நுரை முழங்கால் உயரம் நிற்கும். பிள்ளைகள் அதற்குள் இறங்கி ஒருவர்மேல் ஒருவர் அள்ளி வீசுவார்கள். நான் கைதட்டியிருக்கிறேன். என் மகளும் அதில் இருந்தாள்.

பிறகு குழாயைத் திறந்து எல்லாவற்றையும் வாய்க்காலுக்குத் தள்ளுவோம். வாய்க்கால் உப்பனாற்றுக்குப் போகிறது.

அப்போது தாளில் "மக்கும் தன்மையுடையது" என்று எழுதியிருந்தது. நுரையில் வேறு சோப்பு வகைகளும் உண்டு, அவை மக்கும். மக்காத பங்கைப் பற்றி அந்தத் தாள் மூச்சுவிடவில்லை.

அக்டோபர் 11

ஒருவர் கேட்கிறார்: பவுடர் சிலிண்டர் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும், பிடியில் செருகியிருக்கும் ஊசி (பின்) உடைபடாமல் இருக்க வேண்டும், குழாய் முனையில் குளவிக் கூடு இருக்கக் கூடாது. கடைசியை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விடுதியில் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். கார்பன் டை ஆக்சைடில் முள் கிடையாது. தராசில் நிறுத்துப் பார்த்து, உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுக்க வேண்டும். ஆயுள், பவுடருக்கும் நுரைக்கும் 10 ஆண்டு, கார்பன் டை ஆக்சைடுக்கு 15.

அச்சகத் தம்பி இன்று இன்னொரு படம் அனுப்பினார். ஆயுத பூஜைக்கு ஏழு சிலிண்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பொட்டு வைத்தவர் முள் இருக்கும் வட்டக் கண்ணாடியை நெற்றி என்று நினைத்துவிட்டார். ஆறு கண்ணாடியும் சிவப்பு. அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். துடைக்கச் சொன்னேன். ஒன்றில் முள் கீழே விழுந்து கிடந்தது. சோதிக்க வந்த ஆள் ஏழையும் மாற்றச் சொன்னாரே ஒழிய, இந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14

நுரைக்குப் பதில் ஃபுளோரின் இல்லாத புது நுரை வாங்கலாம் என்று தம்பியிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேற்று அச்சகத்துக்கே போனேன். ரோலரும் பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பும் கழுவ மண்ணெண்ணெய், எந்திரத் தண்ணீரில் கலக்க ஐபிஏ. இந்த ஐபிஏ சாராய வகை. தண்ணீரோடு கலந்துவிடும். அதன்மேல் சாதாரண ஏஎஃப்எஃப்எஃப் நுரை நிற்காது, உடைந்து கரையும். சாராயத்தைத் தாங்குகிற நுரை என்று தனி வகை இருக்கிறது, தம்பியிடம் இருப்பது அது இல்லை. ஆக, இத்தனை ஆண்டும் எந்த மூலையைக் காக்க அந்தச் சிலிண்டர் தொங்கியதோ அந்த மூலையில் அது பாதிக் காவல்தான். விற்றவர் என்ன தொழில் என்று கேட்கவே இல்லையாம்.

ஐபிஏ கேன் இருக்குமிடத்தில் பவுடர், எந்திரத்தின் பக்கம் கார்பன் டை ஆக்சைடு இன்னொன்று. அவ்வளவு போதும். எந்திரத்தின்மேல் பவுடரை அடிக்க வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம். விடுதியில் தண்ணீர் மோட்டார் புகைந்தபோது பதறிப்போய் ஒரு முழுச் சிலிண்டரைக் காலி செய்தேன். தீ மூன்று நொடியில் அணைந்தது. அறையைப் பெருக்க இரண்டு நாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பக்கத்து மின்பலகையில் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. அந்தத் தூள் ஈரம் பட்டால் அமிலமாகும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு எச்சரிக்கை. சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் தீக்கு முன் நமக்கு மூச்சு நிற்கும். காகிதக் கட்டு உள்ளே கனன்றால் அதற்கு இது உதவாது. தண்ணீர் வாளிதான்.

அக்டோபர் 19

மணல் வாளியில் வெற்றிலைச் சாறும் பீடித் துண்டும் இருந்தால் அதை மணல் வாளி என்று சொல்லாதீர்கள். எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து.

அக்டோபர் 27

புதுச்சேரியில் கணினி நிலையம் வைத்திருப்பவர் கேட்கிறார்: பவுடரும் வேண்டாம், நுரையும் வேண்டாம், "சுத்தமான வாயு" சிலிண்டர் வாங்கலாமா?

இது பெரிய கதை. முதலில் ஹாலான் என்ற வாயு வந்தது. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஹாலான் 1211 என்ற வகை இருந்தது. அடித்தால் ஒரு சொட்டு அழுக்கு கிடையாது, தீ போன இடம் தெரியாது. ஆனால் அதிலுள்ள புரோமின் மேலே போய் ஓசோனைத் தின்றது. 1211க்கு ஓசோன் அழிக்கும் அளவு 3, அதன் அண்ணன் 1301க்கு 10. பழைய குளிர்பதனப்பெட்டி வாயுவுக்கு இது 1 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசோனைக் காக்க 1987இல் வந்த மான்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பிறகு 1994இல் உலகம் முழுவதும் உற்பத்தியை நிறுத்தினார்கள். விமானங்களில் பழைய இருப்பை மீட்டு இன்னும் வைத்திருக்கிறார்கள்.

ஹாலான் போய் எச்எஃப்சி 227 என்ற வாயு வந்தது. ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல மூவாயிரம் மடங்குக்குமேல். அதைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன, இந்தியா 2021இல் ஒப்புதல் தந்தது. அடுத்து 3எம் நிறுவனத்தின் நோவெக் 1230 என்ற திரவம் வந்தது. ஓசோனுக்கும் கேடில்லை, வெப்பமும் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தால், அதிலும் அதே கார்பன், ஃபுளோரின் சங்கிலி. விரிந்த வரையறைப்படி அதுவும் பிஃபாஸ் குடும்பத்துப் பிள்ளைதான். 2025 முடிவதற்குள் பிஃபாஸ் உற்பத்தியிலிருந்தே வெளியேறுவதாக 3எம் 2022 டிசம்பரில் அறிவித்தபோது இதுவும் அதில் சேர்ந்தது.

ஒவ்வொரு முறையும் விற்க வந்தவர், "இது பழையதுபோல் இல்லை சார்" என்றார். ஒவ்வொரு முறையும் நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

கணினிக்காரருக்கு: ஐந்து மேசைக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போதும். திறந்த கதவும் வேண்டும்.

நவம்பர் 2

மேலே "1994இல் உலகம் முழுவதும்" என்று எழுதிவிட்டேன். வளர்ந்த நாடுகளில்தான் 1994. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 ஜனவரி வரை அவகாசம் இருந்தது. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் 1211 அத்தனை காலம் தொங்கியதற்கு அதுதான் காரணம் என்று யோசித்தால் புரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

நவம்பர் 9

கொஞ்சம் விலகிப் போகிறேன். புதுச்சேரியில் வெள்ளையர் பகுதியில் பழம்பொருள் வைத்து அலங்கரித்த காபிக் கடை ஒன்று. சுவரில் பித்தளையில் பளபளவென்று ஒரு குழல், ஹோலிப் பண்டிகைப் பீச்சாங்குழல்போல. வெளியூர்ப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது அந்தக் காலத்துக் கை பம்புத் தீயணைப்பான். உள்ளே ஊற்றுவது கார்பன் டெட்ராகுளோரைடு. கல்லீரலுக்கு நஞ்சு. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் ஆகும், முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்ல விட்ட வாயு. தீயை அணைக்கப் போய் அதை மூச்சில் இழுத்தவர்கள் உண்டு.

வாங்கிக் குலுக்கினேன். உள்ளே தளக் தளக் என்றது.

கடைக்காரப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "தாத்தா, அது தண்ணீர்தான், கனமாக இருக்கட்டும் என்று நாங்களே ஊற்றினோம்" என்றான். நம்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. போன வாரம் பார்த்தேன், குழல் சுவரில் இல்லை.

நவம்பர் 16

விடுதிச் சமையலறை பற்றி இரண்டு பேர் கேட்டதால்: எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் கூடவே கூடாது, பவுடரும் நிற்காது, மறுபடி பற்றும். அதற்குப் பொட்டாசியம் உப்புக் கரைசல் உள்ள எஃப் வகைச் சிலிண்டர். கொதிக்கும் எண்ணெயின் மேல்புறத்தை அது சோப்பாக்கி மூடிவிடும். எங்கள் சமையல்காரர் கேட்டது: "அந்தச் சோப்பில் பாத்திரம் கழுவலாமா?"

நவம்பர் 23

மழை. வெளியே போக முடியவில்லை. அதனால் எழுதத் தள்ளிப்போட்டதை எழுதுகிறேன்.

தம்பி புதியவை இரண்டு வாங்கிவிட்டார். முள் விழுந்த பவுடரையும் நிரப்பியாயிற்று. பழைய நுரைச் சிலிண்டர் இரண்டையும் எடுத்துப்போகப் புதிய கடை ஒன்றின் ஆள் வந்தார். நான் அங்கே இருந்தேன். "எங்கே கொண்டுபோவீர்கள்?" என்றேன். "கம்பெனிக்குத்தான் ஐயா" என்றார். ஏதோ உறுத்தியது, தெருமுனை டீக்கடை வரை பின்னால் போனேன். சந்து திரும்பியதும் வண்டியை நிறுத்தினார். பின்னை உருவினார். முதல் சிலிண்டரின் குழாயைச் சாக்கடைக்குள் விட்டுவிட்டு, இன்னொரு கையால் டீ வாங்கினார்.

நுரை மேலே எழும்பி, மழைத் தண்ணீரோடு கெடிலத்துப் பக்கமாக நகர ஆரம்பித்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கோபப்படவில்லை அவர். "இரும்புக்குத்தான் ஐயா காசு. பழைய இரும்புக் கடையில் உள்ளே தண்ணீர் இருந்தால் எடை போட மாட்டார்கள்" என்றார். சொல்லிவிட்டு, "எப்போதும் இப்படித்தான்" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நான் பீப்பாய்க் கணக்கில் தள்ளியவன். இவர் பாதிச் சிலிண்டர்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் குடிநீரில் பிஃபோவா 4 நானோகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கா 2024இல் விதித்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சுவரில் சீல் உடையாமல் தொங்குகிற சிலிண்டர் அந்த வகையில் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. கெடுதல் தொடங்குவது அதை மாற்றுகிற அன்றைக்குத்தான். ஏழையும் மாற்று என்று அலறியவரும் சரி, மாற்றலாம் என்று தலையாட்டிய நானும் சரி, பழையது எங்கே போகும் என்று முதலில் கேட்கவில்லை.

மீதி ஒன்றரைச் சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இரும்பு விலை என்னவோ அதைக் கையில் கொடுத்தேன்.

டிசம்பர் 7

"பழைய சிலிண்டரிலேயே ஃபுளோரின் இல்லாத நுரையை நிரப்பினால் செலவு குறையுமே?" என்று ஒரு கேள்வி. உள்சுவரில் பழைய சரக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், புதியதிலும் கலக்கும். கழுவினால் கழுவிய தண்ணீரும் நஞ்சு. பெரிய தொட்டிகளையே மாற்றத் திணறுகிறார்கள். ஒன்பது லிட்டருக்கு அந்தப் பாடு வேண்டாம்.

நான் செய்தவை: விற்ற கடைக்கு, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கொடுக்கத் தம்பியிடம் சொன்னேன். பதில் இல்லை. ஒரு அலுவலகத்துக்குப் போனேன். ஆயிரம் டிகிரிக்குமேல் எரிக்க வேண்டும், கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு நிலையம் இருக்கிறது என்றார்கள். அது எனக்கும் தெரியும், சிப்காட்டில் இருந்தபோது லாரி ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இரண்டு சிலிண்டருக்கு லாரி எப்படி என்று கேட்டேன். "நிறைய சேர்ந்தால் சொல்லுங்கள்" என்றார்கள்.

டிசம்பர் 9

அப்படியென்றால் சேர்ப்போம். கடலூர், மஞ்சக்குப்பம், முதுநகர், நெல்லிக்குப்பம், புதுச்சேரிப் பக்கம் நுரைச் சிலிண்டர் மாற்றுகிறவர்கள் பழையதைத் திறக்காமல், பின்னை உருவாமல் வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். பவுடரைக் கொண்டுவராதீர்கள், அதற்கு நான் ஆள் இல்லை.

2026 ஜனவரி 4

பதினொன்று சேர்ந்திருக்கிறது. இரண்டு அச்சகம், ஒரு பெயிண்ட் கடை, ஒரு திருமண மண்டபம், பெயர் சொல்ல வேண்டாம் என்ற ஒரு பெட்ரோல் பங்க். நான் முன்பு வேலை பார்த்த பேட்டையில் ஒரு தொழிற்சாலை பிப்ரவரியில் கும்மிடிப்பூண்டிக்கு லாரி அனுப்புகிறது, அங்குள்ள பழைய நண்பர் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். காகித வேலை நிறைய உண்டாம்.

அதுவரை பதினொன்றும் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் "திறக்காதே" என்று எழுதிய அட்டையோடு. பாதி காலியானதன் குழாயைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். பொங்கலுக்கு வருகிற மகள் என்ன இது என்று கேட்பாள்.